இடது கை என்னுடையது

நூற்றுப் பதினேழு கடைகளின் சுவரில் என் இடது கை தொங்குகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் சாண்ட்விச் கடை ஏதாவது ஒன்றில் நீங்கள் நுழைந்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லாவுக்கு மேலே, கறுப்புச் சட்டத்துக்குள் இருக்கும். இரண்டு கைகள் ஒரு சாண்ட்விச்சைக் காகிதத்தில் மடிக்கின்றன. முகம் கிடையாது. கீழே 'நம் கதை' என்று எட்டு வரி. அந்த எட்டு வரியை எழுதிய மகானுபாவனும் நான்தான். இப்போது இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்காக அதையே எண்பது பக்கமாக இழுத்து எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் கடை, பத்தாவது கடை, ஃபிரான்சைஸ் கொடுக்க ஆரம்பித்த வருஷம், எல்லாம் தேதி பிசகாமல் அதில் இருக்கின்றன. என் அக்கா மட்டும் இல்லை. அவளைப் பற்றி அங்கே எழுத எனக்குத் துப்பில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இடது கையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. கை இருக்கும். முழங்கைக்குக் கீழே சூம்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மடங்கியிருக்கும். எதையும் பிடிக்காது. வலது கையால் அதைத் தூக்கி மேசைமேல் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். கல்யாணமான பிறகு யாராவது அதைப் பற்றி உச்சுக்கொட்டினால், "இதுவும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். கூடவே இருக்கும், ஒரு வேலைக்கும் ஆகாது" என்பாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மாமாதான் முதலில் சிரிப்பார்.

அம்மா சலவை நிலையத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது அக்காதான். ஒற்றைக் கையால் என் சட்டைக்குப் பொத்தான் போடுவாள், சீவிவிடுவாள், முதுகில் நாலு வைப்பாள். துணி பிழிய வேண்டுமென்றால் ஒரு முனையைக் குழாயில் சுற்றிவிட்டு மறுமுனையை முறுக்குவாள். உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் துணி பிழிகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருவன், "உங்க அக்கா கைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு ஒரு கை குறைவு என்பதே எனக்கு உறைத்தது. கேட்டவன் மூக்கைப் பெயர்த்துவிட்டேன். அப்போதெல்லாம் எனக்கு ரோஷம் இருந்தது.

இனி வேன்காரர். இன்றைக்கு அவர் சேர்மன். வேன்காரராக இருந்து முதலாளியாகி, பிறகு சாராகி, கடைசியில் சேர்மன் ஆனவர். அக்கா மட்டும் கடைசிவரை அவரை "வேன்காரரே" என்றுதான் கூப்பிட்டாள். ஒரு பேக்கரியின் ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் விற்காமல் திரும்பி வரும் நீள ரொட்டிகளைப் பார்த்து வயிறெரிந்து, டிப்போவுக்கு எதிரே சாவி செய்கிறவர் காலி செய்த கடையைப் பிடித்தார். மூன்று எட்டு வைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளும் கடை. ரொட்டியைக் கீறி, முட்டையோ கோழியோ வைத்து, வெள்ளரிக்காய் அடுக்கி, ஒரு சாஸ் ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. பொட்டலம் கட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. மாமா போய் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார்.

அக்காவின் கையைப் பார்த்ததும் வேன்காரர் தயங்கியிருக்கிறார். நல்ல மனுஷன்தான், முகத்தில் அடித்தாற்போல் சொல்லத் தெரியாது. வெயில், நின்றுகொண்டே வேலை, கஷ்டமாக இருக்குமே என்று பூசி மெழுகினாராம். அக்கா விடவில்லை. "நாலு நாள் பாருங்க வேன்காரரே. சரிப்படலைன்னா நானே போயிடுவேன்" என்றாளாம்.

அந்த நாலு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பதினாறு வயது. அக்கா வீட்டில் தங்கித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது எல்லாக் கடைகளிலும் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார்கள். ரப்பர் பேண்ட் போட இரண்டு கை வேண்டும். ஆகவே ரப்பர் பேண்டே இல்லாமல் நிற்கிற ஒரு மடிப்பை அக்கா தேடினாள். பழைய செய்தித்தாளைச் சாய்வாகப் போட்டு, என் ஜியாமெட்ரி பெட்டியை சாண்ட்விச்சாக நடுவில் வைத்து மடிப்பாள், பிரிப்பாள், மறுபடியும் மடிப்பாள். பெட்டியைக் கேட்டால், "பொறுடா, உன் கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது" என்பாள். நாலாம் நாள் காலையில் வந்துவிட்டது. ஒரு முனையை மேலே போட்டு, உள்ளங்கையால் ஒரே உருட்டு, வாலைக் கட்டைவிரலால் உள்ளே செருகல், மிச்சமிருக்கும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த முனையை இழுத்தால் மேல்பாதி மட்டும் திறக்கும். கீழ்ப்பாதி அப்படியே பிடியாக நிற்கும்.

ஒரு கையால் கட்டியது என்பதால் ஒரு கையாலேயே பிரிக்கவும் வந்தது. அதை அவள் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. தானாக அமைந்துவிட்டது. ஆனால் எதிரே டிப்போவில் இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். கண்டக்டர்களுக்கு ஒரு கையில் எப்போதும் கம்பியோ டிக்கெட் மெஷினோ இருக்கும். முனையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். அவர்கள்தான் அந்த முனைக்குக் காது என்று பேர் வைத்தார்கள். "அக்கா, ரெண்டு காது போட்டுக் குடு, ஒண்ணு முட்டை, ஒண்ணு கோழி" என்பார்கள். இரண்டு மாதத்தில் வரிசை டிப்போ கேட்டைத் தொட்டது.

இரண்டாவது கடையை வேன்காரர் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போட்டார். அங்கே இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவள், கையில் ஊசி குத்திய பிளாஸ்டரோடு வருகிறவன், அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்திருக்கிறவன் என்று எல்லோரும் வாங்கினார்கள். ஒரு கை காலியாக இல்லாதவர்கள்தான் ஊரில் பாதிப் பேர் என்பது வேன்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் கம்பெனியின் உண்மையான வரலாறு இவ்வளவுதான். மலரில் எண்பது பக்கம் எழுதியும் இந்த ஒரு பத்தியை நான் எழுதவில்லை.

படிப்பு முடிந்ததும் நானும் கடையில் சேர்ந்தேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், பிழையில்லாமல் எழுதுவேன். ஆறு கடைகள் ஆனபோது, கம்பெனி பேரை வெளியாட்களுக்குக் கொடுக்கலாம் என்று யாரோ வேன்காரர் காதில் ஓதினார்கள். அவர்கள் முதல் போட்டுக் கடை நடத்துவார்கள், பேரும் சாமானும் முறையும் நம்முடையது. அதற்கு ஒரு புத்தகம் வேண்டும். எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? "ருசி கூட ஒருநாள் முன்னே பின்னே இருக்கலாம், அளவு மாறக்கூடாது" என்பது அவர் வேதவாக்கு. புத்தகத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் தலைகால் புரியாமல் ஆடினேன்.

வெள்ளரி ஆறு வில்லை, சாஸ் மூன்று கோடு, ரொட்டியில் கத்தி இறங்கும் ஆழம், எல்லாவற்றுக்கும் அளவு எழுதினேன். மடிப்புக்கு வந்தபோது சிக்கிக்கொண்டேன். அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அவள் கை போகிற வேகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவாகச் செய்யச் சொன்னால் அவளுக்கே வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு கையால் செய்து பார்த்தார்கள், காகிதம் நழுவியது, முட்டை வெளியே வந்தது. கடைசியில் நான் ஒரு சுலப வழி கண்டுபிடித்தேன். இடது கையால் காகிதத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்வது, வலது கையால் மடிப்பது. ஒன்பது படிகள். எந்த மக்குக்கும் அரை நாளில் வந்துவிடும். 'இடது கை காகிதத்தை விட்டு விலகக் கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டேன். அதற்குப் பத்து மதிப்பெண்ணும் வைத்தேன்.

எழுதும்போது அக்காவின் கை எனக்கு ஞாபகமே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. இருபது வருஷம் கூடவே இருந்ததால் அது என் கண்ணில் படாமலே போய்விட்டது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே இப்போது நம்பிக்கை இல்லை.

படம் எடுத்தது இருபத்தைந்தாவது கடை திறந்தபோது. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி வரலாற்றுப் பலகை மாட்ட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. போட்டோக்காரர் வேன்காரரை மடிக்கச் சொன்னார். பாவம், அவருக்கு வாழ்நாளில் ஒரு பொட்டலம் மடிக்க வந்ததில்லை. நான் மடித்தால் கை விறைப்பாக இருக்கிறது என்றார்கள். அக்கா மடித்ததும் போட்டோக்காரர், "இதுதான் வேணும், இந்தக் கை பேசுது" என்று துள்ளினார். பிறகு கேமராவுக்குள் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மொட்டையாக இருக்கிறதே, இன்னொரு கை எங்கே என்றார். அக்கா இடது கையை ஏப்ரன் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். வேன்காரர் என்னைப் பார்த்தார். "டேய், நீ குடுடா உன் கையை."

அக்காவின் இடது தோளுக்குப் பின்னால் ஒட்டி நின்று, சுற்றிக் கையை நீட்டி, காகிதத்தை அமுக்கினேன். அவள் தலை என் தாடையில் இடித்தது. சின்ன வயதில் அவள் எனக்குப் பின்னால் நின்று பொத்தான் போட்டுவிட்ட மாதிரியே இருந்தது, ஆள் மட்டும் இடம் மாறியிருந்தோம். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நகத்தைக் கடிக்காதே, கடிக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இப்ப பாரு, ஊரே பார்க்கப் போகுது."

பலகைக்கு நான் முதலில் ஒன்பது வரி எழுதினேன். ஒன்பதாவது வரி, எங்கள் முதல் ஊழியரான ஒரு பெண்மணி தன் ஒற்றைக் கையால் உருவாக்கிய மடிப்பு என்பது. வேன்காரர் அதற்குள் சார் ஆகியிருந்தார். படித்துவிட்டு, கதை என்றால் ஓர் ஆள், ஒரு யோசனை என்று இருக்க வேண்டும், நாலு பேரைச் சேர்த்தால் சந்தைக்கடை ஆகிவிடும் என்றார். மிரட்டவில்லை. வற்புறுத்தக்கூட இல்லை. நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. அந்த வாரம்தான் என்னைத் தலைமை ஆய்வாளர் ஆக்குவதாகப் பேச்சு. தலையாட்டிவிட்டு வந்தேன். ஒன்பதாவது வரி போனது. எட்டாவது வரி, 'நிறுவனர் தம் இரு கைகளாலேயே உருவாக்கிய மடிப்பு' என்று ஆனது.

முதல் கடையில் பலகை மாட்டியபோது அக்கா உதட்டை அசைத்து அசைத்து எட்டு வரியையும் படித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கே. ஒரு பிழைகூட இல்லை" என்றாள். போய் வெள்ளரிக்காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். குத்திச் சொன்னாளா, நிஜமாகவே பாராட்டினாளா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். கேட்க மட்டும் தைரியம் வந்ததில்லை.

ஆய்வாளர் வேலை என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடைக்கும் போய், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊழியர்கள் செய்வதைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மடிப்பில் தேறாதவர் கவுன்டரில் நிற்கக் கூடாது. இதுவும் நான் எழுதிய விதிதான். முதல் கடைக்கு மட்டும் நான் போக மாட்டேன். வேறு ஆளை அனுப்புவேன். போகிறவர்கள் பழைய ஆட்கள், அக்கா கையால் காது கடித்துச் சாப்பிட்டவர்கள். அவள் செய்வதைப் பார்க்காமலே பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருவார்கள். பதினாறு வருஷம் இப்படி ஓடியது.

போன வருஷம் முதல் கடையையும் ஃபிரான்சைஸ் கொடுத்தார்கள். எடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. அக்காவை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கடையை எடுத்த மூன்று மாதத்தில் எங்கள் புத்தகத்தை மூன்று முறை படித்து, பக்கத்துக்குப் பக்கம் அடையாளத் தாள் ஒட்டி வைத்திருந்தார். தப்பு நடந்தால் தன் உரிமம் போய்விடும் என்கிற பயம் அவருக்கு. அந்த ஆய்வுக்குப் பழைய ஆட்கள் யாரும் இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்களுக்கு நேரில் காட்டிக்கொடுக்க வேண்டுமென்று நானே போக வேண்டியதாயிற்று.

கடைக்குள் நுழைந்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பையிலிருந்து ஃபைலை எடுத்துக் கண்ணை அதில் நட்டேன். அவள் என் அக்கா என்று புதியவர்களிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சொன்னால் வேண்டியவளுக்குச் சலுகை என்று பேசுவார்களோ என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். நிஜம் அதுவல்ல. டை கட்டிய என் பின்னால் அந்தக் கையோடு ஓர் அக்கா வந்து நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுதிவிட்டேன். இனி நீங்கள் காறித் துப்பினாலும் பரவாயில்லை.

அக்கா ஒரு சாண்ட்விச் மடித்தாள். மூன்று விநாடி. காது நிமிர்ந்து நின்றது. புதியவர்களில் ஒரு பெண் வாயைப் பிளந்தாள். அப்போதுதான் தலைமையாசிரியை புத்தகத்தைத் திறந்து, தடித்த எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். தப்பு கண்டுபிடிக்கும் குரலே இல்லை, நிஜமான சந்தேகம். இடது கை விலகக் கூடாது என்று போட்டிருக்கிறதே, இவர் விஷயத்தில் அதை எப்படி எடுத்துக்கொள்வது, ஏதாவது விலக்கு உண்டா என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு இரண்டே வாக்கியம்தான் இருந்தது. இந்த மடிப்பு இவங்களுடையது, புத்தகம்தான் தப்பு. அதைச் சொன்னால், தலைக்கு மேலே பலகையில் இருப்பது பொய் என்று ஆகிவிடும். அதை எழுதியது யார் என்று அடுத்து கேட்பார்கள். அண்ணாந்து பார்த்தேன். சட்டத்துக்குள்ளிருந்து என் கையே என்னைப் பார்த்தது.

"மேடம், புத்தகத்துல இருக்கிறபடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றேன். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டோரம் சிரிப்பு வரப்பார்த்து நின்றது. பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"சரிங்க சார்" என்றாள்.

பாக்கெட்டிலிருந்து இடது கையை வலது கையால் வெளியே எடுத்தாள். இருபத்துநாலு வருஷத்தில் அந்தக் கவுன்டரில் அவள் அதை எடுத்து வைத்தது அன்றைக்குத்தான். காகிதத்தின் மேல் வைத்தாள். அது வைத்த இடத்தில் கிடந்தது. அதைச் சுற்றி வலது கையால் மடிக்கப் பார்த்தாள். காகிதம் சுருண்டது, கை வழுக்கியது, மறுபடி எடுத்து வைத்தாள். சாஸ் விரல்களில் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட்டு மூன்றாவது முறை செய்தாள். கடைசியில் குழந்தை கட்டிய பொட்டலம் மாதிரி ஒன்று வந்தது. காது இல்லை.

"போதுங்களா சார்?"

நான் நாலு மதிப்பெண் போட்டேன். பூஜ்யம்தான் போட வேண்டும், நாலு போட்டது கருணையாம்! புதியவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். தலைமையாசிரியையின் கண் கலங்கியிருந்தது. அவரும் என்ன செய்வார், விதியைக் கேட்டார், நான் சொன்னேன். அக்காவைக் கவுன்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில் சாமான் சரிபார்க்க வைத்தார்கள். ஒரு மாதம் போனாள். பிறகு நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை அதிகம் என்று மாமாவிடம் போனில் சொல்வேன். அவர் சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ என்பார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். கண்டக்டர்கள் சிலர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, இப்போது வரும் காது ஒரு கையால் பிரியவில்லை, இழுத்தால் மொத்தமும் கிழிகிறது என்று சொன்னார்கள். இரண்டு கையால் இறுக்கிக் கட்டினால் அப்படித்தான் ஆகும். வாடிக்கையாளர் கருத்து என்று ஃபைல் போட்டு மூடினேன்.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். வீடு மாற்றுகிறார்கள், சாமான் தூக்க ஆள் போதவில்லை, அம்மா உங்களை வரச் சொன்னாள் என்றாள். போகாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. போனேன்.

வாசலில் வேன் நின்றது. மாமா கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் எல்லோருக்கும் சாண்ட்விச் மடித்துக்கொண்டிருந்தாள், பழைய செய்தித்தாளில், ஒற்றைக் கையால். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. "வந்துட்டியா. முன்னறையில இருக்கிற படத்தை இறக்கு. நீ உயரம்."

முன்னறைச் சுவரில் அந்தப் படம் இருந்தது. முதல் கடையில் தொங்கிய பழைய பலகை. கடையைப் புதுப்பித்தபோது பிளாஸ்டிக் பலகை வந்துவிட்டதால் இதைக் குப்பையில் போடப்போனார்களாம், அக்கா கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். கீழே என் எட்டு வரி இருந்த பகுதியை யாரோ நேராக அறுத்து எடுத்திருந்தார்கள். படம் மட்டும் சட்டத்துக்குள் இருந்தது. ஆணியிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

அவள் வாலைச் செருகிக் காதை நிமிர்த்தினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மார்க்கு போகட்டும்டா. வேலையும் போகட்டும். அந்தப் பிள்ளைங்க முன்னாடி, இது எங்க அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அழக்கூட முடியவில்லை. அழுதால் அவள் சமாதானம் செய்ய வந்துவிடுவாள், அதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை. அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தாள். "கண்ணாடி பத்திரம். பார்த்துத் தூக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

வேன் டிரைவர் படத்தை என்னிடமிருந்து வாங்கினார். மற்ற சாமான்களுக்கு நடுவில் வைப்பதற்கு முன் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். முகமே இல்லாமல் வெறும் கையை யார் மாட்டி வைப்பார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். "யாரும்மா இது?" என்றார்.

அக்கா கண்ணாடியில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"ரெண்டு பேருங்க. வலது கை நான். இடது கை என் தம்பி. இதோ நிக்கிறான் பாருங்க. நகத்தை எப்படிக் கடிச்சு வெச்சிருக்கான்னு பாருங்க."

டிரைவர் சிரித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்க்கத் திரும்பினார். நான் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.